முதலில் கேபிளைக் கழற்றுங்கள்

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால் காதில் முதலில் விழுவது பேரம். சார்ஜர், சிசிடிவி கேமரா, பழைய லேப்டாப், சாலிடரிங் கம்பி என்று கடைக்குக் கடை சரக்கு மாறும். ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கிய இந்தச் சந்தை, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அக்கம்பக்கத்தையும் சேர்த்துக்கொண்டு நாட்டின் பெரிய மின்னணுச் சந்தைகளில் ஒன்றாக வளர்ந்துவிட்டது. நான் தேடிப்போன தொழில் அங்கே மாடியறைகளில் நடக்கிறது. பழுதான ஹார்டு டிஸ்க்கிலிருந்து படங்களையும் கணக்குகளையும் மீட்டுத் தரும் தொழில் அது. கடைப் பலகையில் ‘டேட்டா ரெக்கவரி’ என்று எழுதியிருக்கிறது.

அறை சிறியது. இரண்டு மேசைகள், அணையாமல் ஓடும் கணினிகள், சுவரோரம் பழைய டிரைவ்கள் அடுக்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொரு டிரைவின் மீதும் மாடல் எண்ணும் தயாரிப்புத் தேதியும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது. கடைக்காரர் மானிட்டர் பழுது பார்ப்பதில் கை பழகியவர். அவருடன் வேலை செய்யும் பெண் டிப்ளமா முடித்துவிட்டு வந்து இங்கேயே தொழில் கற்றவர்.

திருவள்ளூர் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண போட்டோகிராபர் வந்திருந்தார். கையில் துணியில் சுற்றிய எக்ஸ்டர்னல் டிரைவ்.

“அண்ணே, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓபன் ஆச்சு. காலையில மாட்டினா ஃபார்மட் பண்ணணுமான்னு கேக்குது.”

“நீங்க ஓகே குடுத்தீங்களா?”

“இல்லண்ணே.”

“செக் டிஸ்க் ஏதாச்சும் ஓட்டினீங்களா? நெட்டுல இருந்து சாஃப்ட்வேர் இறக்கிப் போட்டீங்களா?”

“ஒண்ணும் பண்ணல. பயமா இருந்துச்சு, அப்படியே எடுத்துட்டு வந்துட்டேன்.”

“நல்ல காரியம் பண்ணீங்க தம்பி. உக்காருங்க, பாக்கலாம்.”

வருகிற எல்லோரிடமும் இந்தக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். டிரைவ் ‘கரப்ட்’ ஆவது என்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் படங்கள் அழிவதல்ல. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைத்திருக்கும் அட்டவணை சிதைவதுதான். புத்தகத்தின் பொருளடக்கம் கிழிந்துபோனாலும் அத்தியாயங்கள் அப்படியே இருப்பதைப் போன்றது இது. விண்டோஸுக்கு அட்டவணை புரியாவிட்டால் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கிறது. ‘குயிக் ஃபார்மட்’ கொடுத்தால் புதிய வெற்று அட்டவணை எழுதப்படும். மீட்க இன்னும் வழி இருக்கும். முழு ஃபார்மட் கொடுத்தால் கதை வேறு. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து முழு ஃபார்மட் என்பது டிரைவ் முழுவதும் பூஜ்யம் எழுதிவிடுகிறது. அதற்குப் பிறகு எந்த வல்லுநரிடம் போனாலும் பயனில்லை. செக் டிஸ்க்கும் ஆபத்தில்லாத வைத்தியம் அல்ல. அட்டவணையை ஒழுங்காக்குவதே அதன் வேலை. அந்த முயற்சியில் உங்கள் ஃபைல்களைப் பெயரில்லாத துண்டுகளாக்கி ஒதுக்கிவிடக்கூடும்.

அந்தப் பெண் டிரைவைக் காதருகே வைத்துக்கொண்டு மின்சாரம் கொடுத்தார். சீரான சுழற்சிச் சத்தம் மட்டும் வந்தது. “ஹெட் நல்லாயிருக்கு சார்” என்றார். டக், டக் என்று தட்டும் சத்தம் வந்திருந்தால் உடனே நிறுத்தியிருப்பார். ஹெட் எனப்படும் படிக்கும் முனை தன் இடத்தைத் தேடித் தேடித் தோற்கும்போது வரும் ஒலி அது. மெல்லிய பீப் சத்தம் வந்தால், பெரும்பாலும் டிரைவ் கீழே விழுந்து, ஹெட் உள்ளே சுழலும் தட்டின் மேல் ஒட்டிக்கொண்டு மோட்டார் சுற்ற முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம்.

அடுத்து குளோன். வாடிக்கையாளரின் டிரைவில் இவர்கள் நேரடியாக எந்த வேலையும் செய்வதில்லை. செக்டார் எனும் சிறு கூறு ஒவ்வொன்றாக முழு டிரைவையும் இன்னொன்றில் பிரதி எடுத்துவிட்டு, மூலத்தை உறையில் போட்டு ஒதுக்கிவைக்கிறார்கள். வேலை முழுவதும் பிரதியில்தான். சாதாரணமாக நாம் காப்பி செய்யும்போது பழுதான செக்டார் வந்தால் கணினி அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். பலவீனமான ஹெட் அந்த முட்டலிலேயே செத்துப்போகும். அதற்காகவே தனிக் கருவிகள் இருக்கின்றன. அந்தோனியோ தியாஸ் தியாஸ் 2004-இல் வெளியிட்ட இலவச மென்பொருளான குனு டிடிரெஸ்க்யூ, நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்துக் கடைசியில் திரும்பி வரும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ரஷ்யாவில் தொடங்கப்பட்ட ஏஸ் லேப் நிறுவனத்தின் பிசி-3000 என்ற கருவி இன்னும் ஒரு படி மேல். பழுதான ஹெட்டை மட்டும் நிறுத்திவைத்து மற்றவற்றால் படிக்கவும் அதில் முடியும். நல்ல நிலையில் இருக்கும் ஒரு டெராபைட் டிரைவ், நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் பிரதியாகிவிடும். பழுது கூடினால் அதே வேலை நாள்கணக்கில் இழுக்கும்.

போட்டோகிராபரின் டிரைவ் எக்ஸ்ஃபேட் என்ற அட்டவணை முறையில் இருந்தது. மேக்கிலும் விண்டோஸிலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் அதைத்தான் வைத்துக்கொள்வார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் அது எளிதில் சிதையும். ஆனால் அதை வடிவமைத்தவர்கள் ஒரு முன்யோசனை செய்திருக்கிறார்கள். தொடக்க விவரம் 0 முதல் 11 வரையான செக்டார்களில் இருக்க, அதன் நகல் 12 முதல் 23 வரை எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெண் நகலை எடுத்துப் பிரதியின் தொடக்கத்தில் எழுதினார். கல்யாணத் தேதிகளின் பெயரிட்ட ஃபோல்டர்கள் வரிசையாகத் திரையில் வந்தன. போட்டோகிராபர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

சில ஃபோல்டர்கள் மட்டும் வரவில்லை. அவற்றின் அட்டவணை இருந்த இடமே கெட்டிருந்தது. அவற்றுக்கு வேறு வழி. ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் தலையில் ஓர் அடையாளம் உண்டு. ஜேபெக் படம் என்றால் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற பைட்டுகளில் தொடங்கும். அந்த அடையாளத்தைத் தேடி டிரைவ் முழுவதையும் சலித்து ஃபைல்களைப் பிரித்தெடுக்கலாம். கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் செய்வது இதைத்தான். படம் கிடைக்கும், பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது. துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட நீளமான வீடியோ முழுசாக வருவதும் அரிது.

ஹெட் போன டிரைவ்கள் வேறு அறைக்குப் போகின்றன. தூசி வடிகட்டிய காற்று சீராக வீசும் மேசை அங்கே இருக்கிறது. காரணம் எளிது. சிறிய எக்ஸ்டர்னல் டிரைவில் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுற்றுகிறது. அதன்மேல் ஹெட் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத தூசி போதும், தட்டு கீறிவிடும். யூடியூபைப் பார்த்து வீட்டு மேசையில் டிரைவைத் திறந்தவர்களின் தட்டுகளைக் கடைக்காரர் காட்டினார். வட்டவட்டமாகக் கீறல். “இதுல இருந்து ஒண்ணும் எடுக்க முடியாது” என்றார்.

சுவரோரம் இருந்த டப்பாக்களின் பயன் இப்போதுதான் விளங்கியது. அவை ‘டோனர்’ டிரைவ்கள். அதே மாடல், கிட்டத்தட்ட அதே காலத் தயாரிப்பு கிடைத்தால்தான் ஹெட்டை மாற்றிப் பொருத்த முடியும். டிரைவின் சர்க்யூட் போர்டு எரிந்தாலும் அதே மாதிரிப் போர்டை அப்படியே மாட்டினால் போதாது. பழைய போர்டிலுள்ள சின்ன சிப்பில் அந்தக் குறிப்பிட்ட டிரைவுக்கான அளவுகள் இருக்கின்றன. அதையும் பெயர்த்து மாற்ற வேண்டும். சில எக்ஸ்டர்னல் டிரைவ்களில் யூஎஸ்பி போர்டே எல்லாவற்றையும் குறியாக்கம் செய்து எழுதுகிறது. அந்தப் போர்டைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தால் சாவியைத் தொலைத்துவிட்டு வந்ததற்குச் சமம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளின் டிரைவ்கள் முழுகின. பெரும்பாலான ஹார்டு டிஸ்க்குகளில் காற்று புகும் சிறு துளை உண்டு. தண்ணீரும் அதன் வழியே போகும். நனைந்ததை ஹேர் டிரையரில் காயவைத்து மாட்டிப் பார்ப்பது பெரும் தவறு. அழுக்கு தட்டில் ஒட்டிக் காய்ந்துவிடும். ஈரத்தோடு பையில் போட்டு எடுத்துவருவதே சரி.

பொறுமையாகச் செய்தால் எதுவரை போகலாம் என்பதற்குக் கொலம்பியா விண்கலம் சான்று. 2003-இல் அது வானில் சிதறியபோது அதிலிருந்த ஆய்வுக் கருவியின் ஹார்டு டிஸ்க் டெக்சாஸில் கருகி விழுந்தது. அமெரிக்காவின் க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தார் அதிலிருந்து ஏறத்தாழ 99 சதவீதத் தரவை மீட்டார்கள். செனான் வாயுவைப் பற்றிய அந்த ஆய்வின் முடிவுகள் 2008-இல் வெளியாயின.

சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வந்த பிறகு தொழிலின் எல்லை சுருங்கியிருக்கிறது. அழித்த இடம் எது என்று ‘டிரிம்’ என்ற கட்டளை மூலம் கணினி அதனிடம் சொல்லிவிடும். எஸ்எஸ்டி அதைத் தானே துடைத்துவிடும். அப்படி அழிந்ததை மீட்பதாக வாக்குக் கொடுப்பவரை நம்பக் கூடாது.

இந்தத் தொழிலில் கைத்திறனுக்கு நிகராக நாணயமும் வேண்டும். ஊராரின் குடும்பப் படங்களும் கணக்குப் புத்தகங்களும் இவர்கள் திரையில் திறந்து கிடக்கின்றன. நான் பார்த்த கடையில் வாடிக்கையாளரையே அருகில் உட்காரவைத்து, அவர் சொல்லும் ஃபைல்களை மட்டும் திறந்து காட்டுகிறார்கள். ஒப்படைத்த பின் பிரதியை அழித்துவிடுகிறார்கள். முதலில் பார்த்துவிட்டுச் செலவைச் சொல்வது, எதுவும் கிடைக்காவிட்டால் கூலி கேட்காமல் இருப்பது என்று அவர்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது. டிரைவைக் கொடுக்கும் முன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் டிரைவை இன்னொன்றில் பிரதி எடுங்கள். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய கணக்கு எளிது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்திலோ இணையச் சேமிப்பிலோ. அதற்குள் டிரைவ் கெட்டுவிட்டால் எந்தக் கேள்விக்கும் ஓகே கொடுக்காதீர்கள், எந்த மென்பொருளையும் அதில் இறக்காதீர்கள். கேபிளைக் கழற்றுங்கள், என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதி டிரைவோடு எடுத்துக்கொண்டு தொழில் தெரிந்தவரிடம் போங்கள்.