ஒளிரும் மிச்சம்

புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தால் வெட்டி எடுத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அவ்வளவு எளிதல்ல! சுரப்பியை ஒட்டினாற்போல் விறைப்புக்கான நரம்புகள் ஓடுகின்றன. தாராளமாக வெட்டினால் அவை போய்விடும். குறைத்து வெட்டினால் நோய் தங்கிவிடும். விளிம்பில் மிச்சம் இருக்கிறதா என்ற ஆய்வக அறிக்கையோ, பெரும்பாலும் தையல் போட்டுப் பல நாள் கழித்தே வருகிறது.

2024-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். இப்புற்றுநோய் செல்களின் மேல் நிறைந்திருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் சாயத்தை, 23 பேருக்கு அறுவைக்கு முன்பே ஊசிமூலம் ஏற்றினார்கள். தனி விளக்கொளியில் கேமரா வழியே பார்த்தபோது புற்றுநோய் மிளிர்ந்தது. வெறும் கண்ணுக்குத் தப்பியதும் தெரிந்தது.

"முழுசா எடுத்தாச்சா டாக்டர்?" என்ற கேள்விக்கு அறுவை மேசையிலேயே பதில் கிடைத்தால், நரம்பும் தப்பும், நோயாளியும் பிழைப்பார்.