பிராகில் ஒரு நவம்பர் 17

நாற்பத்தாறாவது பிறந்த நாளை யாரும் விமரிசையாகக் கொண்டாடுவதில்லை. ஐம்பது என்றால் ஒரு மரியாதை உண்டு. 2025இல் அந்த நாள் வந்தபோது நான் பிராக் நகரில் இருந்தேன். மொழிபெயர்ப்பாளர் பட்டறை ஒன்று முந்தைய நாளே முடிந்துவிட்டது. டில்லிக்கு விமானம் மறுநாள்தான். இடையில் ஒரு முழு நாள். கூட யாரும் இல்லை. அம்மாவின் வாழ்த்தும் வராது. அவருக்கு நட்சத்திரம்தான் கணக்கு. ஆங்கிலத் தேதி என்பது பள்ளிக்கூடச் சான்றிதழுக்காக ஏற்பட்டது என்பது அவருடைய கட்சி.

ஆனால் நவம்பர் 17இல் இந்த ஊரில் இருப்பது எனக்கு ஒரு பழைய ஆசை. தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்குக் கமில் சுவெலபிலைத் தெரியாமல் இருக்காது. சிலப்பதிகாரத்தைச் செக் மொழிக்குக் கொண்டுபோனவர். முருகனின் புன்னகையைத் தலைப்பாக வைத்து 1973இல் தமிழ் இலக்கியம் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். அவர் பிறந்தது பிராகில், 1927 நவம்பர் 17 அன்று. விடுதித் தோழிகள் எனக்கு வைத்த பட்டப்பெயரே 'சுவெலபில் தங்கச்சி'.

காலையில் எல்லோரையும் போல் பழைய நகரச் சதுக்கத்துக்குப் போனேன். நகர மண்டபத்தின் சுவரில் 1410இல் அமைத்த வானியல் கடிகாரம் இன்றும் ஓடுகிறது. மணிக்கொருமுறை சன்னல் திறந்து ஏசுவின் சீடர்கள் வரிசையாக வந்து போகிறார்கள். பக்கத்தில் ஓர் எலும்புக்கூடு மணிக்கயிற்றை இழுக்கிறது. பிறந்த நாளன்று பார்க்க உகந்த காட்சி என்று சொல்ல மாட்டேன். கூட்டம் தலைக்கு மேல் கைபேசிகளைத் தூக்கிப் படம் பிடித்துவிட்டுக் கலைந்தது. சில அடி தள்ளித் தரையில் பதித்த 27 வெள்ளைச் சிலுவைகளை மிதித்துக்கொண்டுதான் பலரும் போனார்கள். பேரரசரை எதிர்த்துக் கலகம் செய்த 27 பேரை 1621 ஜூனில் கொன்ற இடம் அது.

அங்கிருந்து ஆற்றோரம் பத்து நிமிட நடை. சார்லஸ் பல்கலைக்கழகத்தின் தத்துவப் புலம் நிற்கும் சதுக்கத்துக்கு யான் பாலக்கின் பெயர். சோவியத் படைகள் 1968 ஆகஸ்டில் நாட்டுக்குள் நுழைந்த பிறகு மக்கள் மெல்ல அடங்கிப்போவதைப் பொறுக்க முடியாமல், 1969 ஜனவரியில் தீக்குளித்த மாணவர். வயது 20. இந்தப் புலத்தில் படித்தவர். கட்டிடத்தின் மூலையில் அவருடைய முகம் உலோகத்தில் பதிந்திருக்கிறது. சுவெலபில் படித்ததும் இதே பல்கலைக்கழகத்தில்தான். அதே ஆக்கிரமிப்பின் விளைவாக அவரும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பிறகு நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்தார். 2009இல் பிரான்சில் இறந்தார். அவருக்கு வந்த பெயரும் புகழும் பெரும்பாலும் வேறு ஊர்களில் வந்தவை.

சார்லஸ் பாலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1357இல் தொடங்கியது, அரை கிலோமீட்டர் நீளம், 30 சிலைகள், சிலைகளைவிட அதிகமாகச் சுயபடம் எடுப்பவர்கள். ஆற்றில் வீசிக் கொல்லப்பட்ட யான் நெபோமுக் என்ற பாதிரியாரின் சிலையடியில் ஒரு பித்தளைத் தகடு. தொட்டால் நல்லது நடக்குமாம். லட்சக்கணக்கான கைகள் பட்டு நம் கோயில் கதவுக் குமிழ் போல் பளபளக்கிறது. நானும் தொட்டேன், பிறந்த நாளாயிற்றே.

மதியம் ஒரு பழைய புத்தகக் கடை. செக் சிலப்பதிகாரம் கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரருக்கு ஆங்கிலம் சுமார். சுவெலபில் என்று தாளில் எழுதிக் காட்டினேன். அவர் சிரித்தார். ஆளைத் தெரிந்து அல்ல. செக் மொழியில் அது ஒரு வினைமுற்று. 'மேம்படுத்தினான்' என்று பொருள். எதை மேம்படுத்தினான் என்று கேட்டார். தமிழை என்று சொல்லத் தயக்கமாக இருந்தது. தமிழுக்கு அது தேவையில்லை என்று ஊரில் சண்டைக்கு வருவார்கள். புத்தகம் இல்லை. பெயரைக் குறித்து வைத்துக்கொண்டார்.

நான்கரை மணிக்குள் இருட்டிவிட்டது. நாரோத்னி வீதியில் கால் வைக்க இடமில்லை. இந்த நாள் செக் மக்களுக்குத் தேசிய விடுமுறை. நாஜிகள் 1939 நவம்பர் 17இல் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1,200க்கும் மேற்பட்ட மாணவர்களை முகாமுக்கு அனுப்பினார்கள். செக் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். அதன் ஐம்பதாம் ஆண்டு நினைவாக 1989இல் ஊர்வலம் போன மாணவர்களைக் கம்யூனிஸ்ட் அரசின் போலீஸ் இந்த வீதியில் வழிமறித்து அடித்தது. ஒரு மாணவர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது. அது பொய். ஆனால் நாடே தெருவுக்கு வந்ததில் அந்தப் பொய்க்குப் பெரும் பங்குண்டு. ஆறு வாரத்தில், டிசம்பர் 29 அன்று, சிறைக்குப் போய் வந்த நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் குடியரசுத் தலைவர். பத்திரிகைத் தொழிலில் இருப்பவள் இந்தக் கதையை எந்தக் கணக்கில் எழுதுவது?

அந்த நாளில் எனக்குப் பத்து வயது நிறைந்தது. வீட்டில் கேசரி செய்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

வீதியோர வளைவு ஒன்றின் சுவரில் மேல்நோக்கி நீளும் கைகளுடன் சிறிய வெண்கலத் தகடு, கீழே தேதி. அதன் முன் நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. நான் ஒன்றும் வாங்கி வரவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் தன் பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை நீட்டினார். அன்று ஊர்வலத்தில் இருந்தாராம், அப்போது வயது பத்தொன்பது. எங்கிருந்து வருகிறீர்கள், இன்றைக்கு ஏன் என்று விசாரித்தார். என் பிறந்த நாள் என்றேன். சொன்ன பிறகு, அந்த இடத்தில் அது அற்பமாகத் தோன்றியது.

அவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு சாவிக்கொத்தை எடுத்தார். 1989இல் லட்சம் பேர் சதுக்கத்தில் நின்று இப்படித்தான் சாவிகளைக் குலுக்கினார்கள், ஆட்சியில் இருந்தவர்களைக் கிளம்பச் சொல்லி. அதே சாவிக்கொத்தா என்று நான் கேட்கவில்லை. அதை என் காதருகே கொண்டுவந்து மெதுவாகக் குலுக்கிவிட்டு, செக் மொழியில் ஏதோ சொன்னார்.