வில்கமுவவில் ஒரு வெற்று வீடு

மாத்தளை மாவட்டத்து வில்கமுவவில், வஸ்கமுவ வனத்தை அடுத்துள்ள குடியானவர் ஒருவரின் கைவிட்ட வீட்டுக்கு அண்மையில் நாம் தனியே சென்றோம். "பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள், மாத்தயா" என்று எச்சரித்தே அயலவர் வழி காட்டினார்.

முன்கதவிற் பூட்டு, பின்சுவரோ இடிந்து கிடந்தது. யானை திறந்த அவ்வழியாகவே உட்புகுந்தோம். விறாந்தையிற் புழுதி, அடுப்பங்கரையிற் கறையான் புற்று. சுவரிலே, போகந்தோறும் கரியாற் கீறிய நெல்மூட்டைக் கணக்கு. கடைசிப் போகத்துக்குப் பன்னிரண்டு கோடுகள்.

நெல்லையும் உப்பையும் மோப்பம் பிடித்த யானைக்கு மண்சுவர் தடையன்று. விளைந்ததை வீட்டினுள்ளேயே வைத்துக் காப்பவர், அதனருகே தம் உயிரையும் வைத்தன்றோ உறங்குகின்றனர்!

மகாவலிக்கும் அம்பன் கங்கைக்கும் இடைப்பட்ட இவ்வனம் 1984ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதன் எல்லையை மனிதர் அறிவர். யானையோ தன் பழைய தடத்தையே அறியும். இருவரும் பசித்தவரே; யாரை நோவது?

முற்றத்து மாமரம் காய்த்துக் குலுங்கியது; பறிப்பாரில்லை. காட்டோரம் கிளை முறியும் ஓசை கேட்கவே, விரைந்து மீண்டோம். எமக்குத் திரும்பிச் செல்ல வீடொன்று உண்டு. அக்குடியானவருக்கு?