காடியில் காய்ந்த சந்தனம்: தேய்க்காதீங்க, ஊற வைங்க



ஆயுத பூஜை முடிந்த பிறகு எங்கள் தொண்டர் குழுவிடம் நிறைய பேர் கேட்கிற கேள்வி இது: “அண்ணே, வாகன பூஜைக்கு வச்ச சந்தனமும் குங்குமமும் காய்ஞ்சு ஒட்டிக்கிச்சு. எப்படி எடுக்கிறது?”

ஈஹெய்லிங் ஓட்டுகிற தம்பி ஒருவர், 9 வருஷக் கடனில் எடுத்த கறுப்பு காடிக்கு நம் கோயிலில்தான் பூஜை போட்டார். ஒரு வாரம் கழித்து, காய்ந்த சந்தனத்தைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்திருக்கிறார். பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். வந்து மெதுவாக எங்களிடம் கேட்டார்: “சாமி பொட்டு வச்ச இடத்துல கீறல் விழுந்தா தோஷமாண்ணே?” மனசு கஷ்டமாப் போச்சு. தோஷமும் இல்லை, ஒண்ணும் இல்லை தம்பி, கீறினது நார்தான் என்று சொல்லி அனுப்பினோம். இன்னொருவருக்கு இப்படி ஆகக்கூடாது என்றுதான் இந்தப் பதிவு.

காடியின் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். பெரும்பாலும் தலைமுடியை விட மெல்லியது. காய்ந்த சந்தனம், விபூதி, ரோட்டுத் தூசி எல்லாம் சேர்ந்தால் மணல் மாதிரி. உலர்ந்தபடியே துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான்.

நாங்கள் சொல்லும் முறை:

1. காடியை நிழலில் நிறுத்துங்க. பானெட் சூடு ஆறட்டும். சூட்டில் சோப்புத் தண்ணீர் உடனே காய்ந்து திட்டாகிவிடும்.

2. முதலில் கை வைக்காதீங்க. தண்ணீரை ஊற்றி, தளர்ந்த பொடியெல்லாம் ஓடிப் போகட்டும்.

3. கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, கறை மேல் 10 நிமிஷம் போர்த்தி வைங்க. துணி காயாமல் பார்த்துக்கோங்க. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும்.

4. ஊறிய பிறகு அழுத்தாமல், ஒரே பக்கமாக, நேர்க்கோட்டில் துடைங்க. ஒவ்வொரு தடவையும் துணியை மடித்துச் சுத்தமான பக்கத்துக்கு மாத்துங்க. ரெண்டு வாளி வைங்க: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். கீழே விழுந்த துணியை மறுபடி தொடவே கூடாது.

5. போகலையா? பலத்தைக் கூட்டாதீங்க. மறுபடி ஊற வைங்க. மஞ்சள் கறை மட்டும் லேசாக நின்றால் பயம் வேண்டாம், வெயில் பட்டால் அதுவே மங்கிவிடும்.

6. கழுவின பிறகும் தடவிப் பார்த்தால் சொரசொரப்பு இருந்தால், கடையில் கிளே பார் கிடைக்கும். அதற்கான வழுக்குத் திரவத்தை நிறைய தெளித்து, மெதுவாக வழுக்க விடுங்க. கடைசியில் வேக்ஸ் போட்டுவிடுங்க.

பறவை எச்சத்துக்கும் இதே முறைதான், ஆனால் தள்ளிப் போடாதீங்க. அது காய்ந்து வெயிலில் கிடந்தால் பூச்சையே அரித்து, தடம் விழுந்துவிடும். கோயில் மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் காடியில் தண்ணீர் புட்டியும் துணியும் வைத்திருப்பது நல்லது. திருஷ்டி கழித்த எலுமிச்சைச் சாறு, பூசணித் துண்டு பம்பரில் தெறித்தாலும் அன்றைக்கே கழுவிடுங்க.

சிலர் இப்போது, “பூஜை மட்டும் போடுங்க, பொட்டு வேண்டாம்” என்கிறார்கள். அவர்கள் கவலை எங்களுக்குப் புரியுது. பொட்டைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைக்கச் சொன்னால் போதும். பூஜை நேரத்தில் கூச்சப்படாமல் எங்களிடம் சொல்லுங்க, குருக்களிடம் நாங்களே சொல்லிவிடுகிறோம். அன்று மாலையே ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால், இத்தனை வேலையும் இல்லை.

எல்லாரும் பத்திரமாகப் போய் வாருங்கள்.