மூடலாமா, விடலாமா?

சோட்டா சிம்லாவின் சரிவில் நிற்கும் அந்த வீட்டுக்கு வயது நூறுக்கு மேல். தகரக் கூரை, மரத் தரை, தேவதாருச் சட்டங்களுக்கு இடையே கல்லையும் மண்ணையும் அடைத்துக் கட்டிய தஜ்ஜிச் சுவர். மூன்று அறைகள், மூன்று கணப்புகள். ஒவ்வொரு அறையிலும் கூரைக்குச் சற்றுக் கீழே, கயிற்றை இழுத்தால் திறக்கிற சின்ன ஜன்னல் ஒன்று. ரோஷன்தான் என்று பெயர். ரோஷன் என்றால் வெளிச்சம். ஆனால் வெளிச்சம் தருவதை விடப் பெரிய வேலை ஒன்றை அது செய்துவந்தது அந்த வீட்டுக்காரர்களுக்கு 2017-இல்தான் புரிந்தது.

வீட்டுக்காரர் கும்பகோணத்துக்காரர். 1971-இல், 23 வயதில், தணிக்கைத் துறை வேலை அவரை மலையேற்றியது. கார்ட்டன் காசில் கட்டடத்தில் அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகம். அங்கே சக ஊழியரின் தங்கையை மணந்தார். பின்னாளில் மாமனாரின் வீடு மனைவிக்கு வந்தது. சொந்த ஊர் என்று அவர் இப்போது சொல்வதும் சிம்லாவைத்தான். ஒரே மகள் சண்டிகரில் வங்கி அதிகாரி. அப்பாவிடம் தமிழ், அம்மாவிடம் பஹாடி.

வீட்டின் ஓட்டைகளை அடைக்க வேண்டும் என்பது மகளின் யோசனை. அதில் நியாயம் இருந்தது. திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும். போகும்போது அறையின் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே வரும். நெருப்பின் முன் உட்கார்ந்தவருக்கு முகம் சுடும், முதுகு நடுங்கும். நெருப்பே இல்லாத நாளிலோ புகைப்போக்கி வழியே குளிர் இறங்கும். வயதான இருவர் இதை ஏன் தாங்க வேண்டும்?

2015-இல் வேலை நடந்தது. கணப்புகளின் வாயில் பிளைவுட். மர ஜன்னல்களுக்குப் பதில் இடுக்கில்லாத அலுமினிய ஜன்னல்கள். ரோஷன்தான்களில் தெர்மோகோலை வைத்து ஓரங்களில் சிலிகான் பூசினார்கள். இரண்டு எண்ணெய் ஹீட்டர்கள் வந்தன. "என் பெண் வீட்டை தெர்மாஸ் பிளாஸ்க் ஆக்கிவிட்டாள்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமைப்பட்டார் அப்பா.

2017 ஜனவரியில் சிம்லாவில் கடும் பனி கொட்டியது. மரங்கள் சாய்ந்தன, நகரின் பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. முதல் இரவைக் கம்பளிகளோடு ஓட்டினார்கள். இரண்டாம் இரவு, மாடிப்படிக்கு அடியில் கிடந்த அங்கீட்டியை அப்பா எடுத்தார். இரும்பில் செய்த கரி அடுப்பு. மாமியார் காலத்து வழக்கப்படி, கரியைத் தாழ்வாரத்தில் மூட்டி, புகையெல்லாம் அடங்கித் தணல் சிவந்த பிறகே படுக்கையறைக்குள் கொண்டுவந்தார். புகை இல்லை, எனவே ஆபத்தும் இல்லை. அந்த வீட்டில் மூன்று தலைமுறை இப்படித்தான் குளிர்காய்ந்தது.

அம்மா தலை வலிக்கிறது என்றார். ஒரு மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொன்னார் அப்பா. நள்ளிரவுக்குப் பிறகு பாத்ரூம் போக எழுந்தவருக்குக் கால் நிற்கவில்லை. கதவின் மேல் சரிந்தார். சரியாகச் சாத்தாத கதவு திறந்துகொண்டது. நடையின் பனிக்காற்று முகத்தில் அறைந்ததும் கொஞ்சம் நினைவு தெளிந்தது. தவழ்ந்து போய் ஜன்னலைத் திறந்தார். மனைவியை உலுக்கினார். பதில் இல்லை. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால் ஆழப் பனியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஆக்ஸிஜன் ஏற்றியதில் விடிவதற்குள் கண் திறந்தார்.

குற்றவாளி கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. தணல் சிவந்திருக்கும்போதும், புகையே இல்லாதபோதும் கரி அதை வெளிவிடும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிப்பதை விட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், மயக்கம். தூங்குகிறவருக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்தியாவில் மூடிய அறைகளில் குடும்பமாக மடிகிறவர்கள் பற்றிய செய்திகள் இந்த வகைதான். மூன்று தலைமுறையைக் காப்பாற்றியது அங்கீட்டி மூட்டும் பக்குவம் அல்ல, வீட்டின் ஓட்டைகள்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான்தானேப்பா எல்லாத்தையும் மூடினேன்?"

"அங்கீட்டியை உள்ளே வைத்தது நானம்மா" என்றார் அப்பா. அதற்குமேல் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அம்மா தேறினார். ஆனால் ஸ்வெட்டர் பின்னும்போது கண்ணிகளின் எண்ணிக்கை அவ்வப்போது தவறியது. முன்பு பேசிக்கொண்டே பின்னுவார். இது வயதினால் இருக்கலாம், அந்த இரவினாலும் இருக்கலாம் என்றார் டாக்டர்.

2024-இல் கூரையை மாற்ற வேண்டிவந்தது. புகைப்போக்கிகளை அடியோடு இடித்துவிடலாம், அறை பெரிதாகும் என்றார் கான்டிராக்டர். மகள் ஒப்பவில்லை. இப்போது அவள் கட்சி மாறியிருந்தாள். எதையும் மூடக்கூடாது, மூடியவற்றையும் திறக்க வேண்டும்.

தணிக்கைக்காரர் ஒரு பழைய நோட்டை எடுத்தார். "அன்றைக்குக் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடினோம். இன்றைக்குப் பயத்தில் எல்லாவற்றையும் திறக்கச் சொல்கிறாய். ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்ப்போம், வா."

கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த செங்கல் புகைப்போக்கிகள் முதலில் வந்தன. 1905 ஏப்ரல் 4 காங்ரா பூகம்பத்தில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். சிம்லாவும் குலுங்கியது. மரச் சட்டம் உள்ள தஜ்ஜிச் சுவர் குலுக்கலுக்கு வளைந்து கொடுக்கும். தலைக்கு மேல் தனியாக நிற்கும் செங்கல் தூண் வளையாது, உடைந்து விழும். எனவே மூன்றையும் கூரைக்குக் கீழே இறக்கினார்கள். இரண்டு கணப்புகளின் வாயில் மறுபடி பலகை. உள்ளே ஈரம் தேங்காமலிருக்க அதில் சிறு துளைகள்.

மூன்றாவது, கூடத்தில் இருப்பது. அதனுள் எஃகுக் குழாய் இறக்கி, கீழே ஒரு புகாரி வைத்தார்கள். மூடிய இரும்பு அடுப்பு என்பதால் திறந்த கணப்பை விடக் குறைந்த விறகில் அதிக வெப்பம். குழாயில் படியும் கரி தீப்பிடிக்கக்கூடியது. அதனால் குளிர்காலத்துக்கு முன் சுத்தம் செய்வது கட்டாயம். படுக்கப் போகும் முன் நெருப்பு அணைந்திருக்க வேண்டும் என்பதும் நோட்டில் எழுதப்பட்டது.

ரோஷன்தான்களின் சிலிகானைச் சுரண்டி எடுத்து, புதுக் கீலும் கயிறும் போட்டார்கள். அது திறந்திருந்தால் அங்கீட்டி வைக்கலாம் என்று அர்த்தமில்லை. எவ்வளவு திறந்தால் போதும் என்று சொல்ல அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. எனவே சுவரில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் ஏறியது. அங்கீட்டி இப்போது முற்றத்தில். அதில் மண் நிரப்பிப் புதினா போட்டிருக்கிறார் அம்மா.

வேலை முடிந்த பின் வந்த முதல் குளிர்காலம். புகாரி அணைந்து, எல்லோரும் படுத்துவிட்டார்கள். அம்மா இருட்டில் சொன்னார்: "தோடா கோல் தீஜியே." கொஞ்சம் திறங்கள்.

அப்பா எழுந்து கயிற்றை இழுத்தார். விரல் அகலத்துக்கு ரோஷன்தான் திறந்தது. குளிர் உள்ளே வந்தது. பக்கத்து அறையில் விழித்திருந்த மகளின் காதில் கீலின் சத்தம் விழுந்தது. கம்பளியைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள்.