தூக்காத கால்

புரவியெடுப்பு வருகிற வருஷங்களில், பள்ளிக்கூடம் விட்டதும் பைக்கட்டோடு வேளார் வீட்டுக் கொல்லைக்கு ஓடிவிடுவேன். சிவகங்கைப் பக்கம் அய்யனாருக்கு மண்குதிரை செய்வது வேளார்தான். ஊர்ப் பெரியவர்கள் பிடிமண் எடுத்துக் கொடுத்தால்தான் அவர் வேலையில் கை வைப்பார்.

களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிக்க வேண்டும். அதற்கு மட்டும் எங்களைச் சேர்த்துக்கொள்வார். முதலில் எழும்புவது நாலு கால். குதிரைக்கால் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். உள்ளே கூடாக, உருளை உருளையாக இருக்கும். ஒரு சாண் எழுப்பிக் காயவிட்டு, மறுநாள் அதன்மேல் இன்னொரு சாண். ஈரம் முழுக்கப் போய்விட்டால் மேல்மண் ஒட்டாது, போகாவிட்டால் கீழ்மண் பிதுங்கிவிடும். அந்தப் பதம் அவர் உள்ளங்கைக்குத்தான் தெரியும். உள்பக்கம் கல்லை அணைகொடுத்து, வெளியே மரத்தட்டால் தட்டிக்கொண்டே இருப்பார். கால்கள் இறுகிய பிறகு வயிறு, கழுத்து, கடைசியில் தலை. பிதுங்கிய கண்ணும் விரிந்த மூக்குமாக முகத்தில் அப்படியொரு ஆவேசம். கீழே பார்த்தால் தூண் மாதிரி நாலு கால்.

எனக்கு அது பெருங்குறையாகப் பட்டது. காரணம், எல்கைப் பந்தயம். திருவிழாவுக்கு மறுநாள் ரோட்டில் மாட்டுவண்டிகள் ஓடி முடிந்ததும் குதிரைவண்டிகளை விடுவார்கள். போகவர எட்டு மைல். புளியமரத்தில் ஏறி உட்கார்ந்திருப்போம். முதலில் லாடச் சத்தம், பிறகு சாரதியின் அதட்டல், அப்புறம் வாயில் நுரையோடு குதிரை. நம்மைக் கடக்கிற நொடியில் எந்தக் கால் தரையில் இருக்கிறது என்று எண்ணப் பார்ப்பேன். ஒருதரமும் முடிந்ததில்லை. 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படமெடுத்துத்தான், பாய்ச்சலில் நாலு காலும் அந்தரத்தில் இருக்கும் கணம் ஒன்று உண்டு என்று காட்டினாராம். கல்லூரியில் அதைப் படித்தபோது, புளியமரத்தில் தோற்றதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை என்று தோன்றியது.

"தாத்தா, ஓடுற மாதிரி ஒண்ணு செய்யுங்களேன்" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

தட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்: "காலத் தூக்குனா வயித்த யாருப்பா தாங்குறது? நீ வந்து புடிச்சுக்கிருவியா?"

பல வருஷம் கழித்து ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில், முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் கல்குதிரைகளைப் பார்த்தேன். கூட வந்தவர்கள் மேலே இருந்த வீரனைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் குனிந்து குதிரையின் காலுக்கடியில் தேடினேன். ஈட்டிக்காரர்களும் வேங்கையும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். பிடித்துக்கொள்ள ஆள் போட்டிருக்கிறார்கள்! சென்னையில் 1839-இல் நிறுவிய மன்றோவின் குதிரைச் சிலையில் அங்கவடியைச் சிற்பி சாண்ட்ரி மறந்துவிட்டார் என்று கதை சொல்வார்கள். அவரே செய்த லண்டன் நான்காம் ஜார்ஜ் சிலையிலும் அங்கவடி கிடையாது. ஆகவே மறதி இல்லை. எனக்கு மன்றோ குதிரையில் பிடித்தது வேறு. வெண்கலத்தில் வார்த்தும் பாயாமல், வேளார் குதிரை மாதிரி சும்மா நிற்கிறது.

வேளார் தாத்தாவிடம் அப்படிக் கேட்ட வருஷத்துப் புரவியெடுப்பு மட்டும் தனியாக நினைவிருக்கிறது. வரட்டியும் வைக்கோலும் மூடிச் சுட்டெடுத்த குதிரையை, கம்புகளில் கட்டி ஆண்கள் தோள்மாற்றித் தோள்மாற்றிக் கோயிலுக்குத் தூக்கிப் போனார்கள். கண் திறந்தார்கள். மாலைகளில் கழுத்தே தெரியவில்லை. மறுநாள் பந்தயத்தில் கடைசியாக வந்த செவலைக் குதிரையைச் சாரதி அவிழ்த்து, நிழல் தேடி அய்யனார் கோயிலுக்கே கொண்டுவந்தார். கட்ட மரமில்லை. கயிற்றைப் புதுப் புரவியின் முன்னங்காலில் சுற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். செவலை ஒருதரம் மண்காலை முகர்ந்து பார்த்துவிட்டு, விலாவை அதன்மேல் சாய்த்து இளைத்துக்கொண்டிருந்தது.

கோயிலுக்குள்ளிருந்து வேளார் தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "யாருய்யா அது? அவுத்துக் கட்டுய்யா! ரெண்டு மாச வேல!"