வெளிவராத நூலுக்கும் ஒரு பதிவெண்

சென்னையில் ஒரு தனியார் ஆய்வு நூலகம். மறைந்த மதிப்புரையாளர் ஒருவர் வீட்டிலிருந்து வந்த அட்டைப்பெட்டிகளை மாடியில் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அச்சான நூல்களோடு, அவை வெளியாகுமுன் அவருக்குப் படிக்க வந்த பிரதிகளும் கலந்து கிடந்தன: நூலால் கட்டிய மெய்ப்புத் தாள்கள், ஸ்பைரல் போட்ட லேசர் பிரதிகள், வெளிநாட்டுப் பதிப்பகங்களின் மெல்லட்டை புரூஃப்கள்.

"இந்த நாவல்தான் கீழே அலமாரியிலேயே இருக்கிறதே மேடம், இது எதற்கு?" என்றேன். பட்டியல் பணியிலேயே தலை நரைத்த நூலகர் அவர். மெய்ப்பையும் அச்சு நூலையும் அருகருகே விரித்தார். மெய்ப்பில் ஓர் அத்தியாயம் முழுக்கச் சிவப்பு மையில் குறுக்குக்கோடு. அச்சு நூலில் அந்த அத்தியாயமே இல்லை.

"இது வேற, அது வேற சார். அதனால தனிப் பதிவு. கையில இருக்கறத எழுதணும். நமக்குத் தெரிஞ்சத எழுதக்கூடாது."

வேலை முழுவதும் இந்த ஒரு விதியில்தான் நிற்கிறது. மெய்ப்பில் 'விலை: ரூ.' என்பதற்கு அப்புறம் வெற்றிடம். ஐஎஸ்பிஎன் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெருக்கல் குறிகள். அச்சு நூலைப் பார்த்து அவர் இவற்றை நிரப்புவதில்லை. உள்ளே செருகியிருந்த பதிப்பாளர் கடிதத்திலிருந்து ஊகித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் போட்டுக் கேள்விக்குறி இடுகிறார். பதிப்பு விவரத்தில் 'திருத்தப்படாத மெய்ப்பு', குறிப்பில் கைத்திருத்தங்கள். நூலக முத்திரை கிடையாது. பதிவெண் பென்சிலில், உள்ளட்டை மூலையில். துருவேறிய குண்டூசியைக் கழற்றிவிட்டுக் கடிதத்தைத் தனி உறையில் அதே எண்ணோடு வைக்கிறார்.

1997இல் ப்ளூம்ஸ்பரி வெளியிட்ட முதல் ஹாரி பாட்டர் நூலின் மெய்ப்பில் ஆசிரியர் பெயர் 'ஜே.ஏ. ரௌலிங்' என்று தவறாக அச்சாகியிருந்தது. அதைப் பட்டியலிடுகிறவர் தலைப்புப் பகுதியில் 'ஜே.ஏ.' என்றே எழுத வேண்டும். தேடுபவருக்கு வழிகாட்ட ஜே.கே. ரௌலிங் என்ற சரியான பெயரைத் தனியே சேர்க்க வேண்டும். தவறைத் திருத்திவிட்டால் பிரதியின் அடையாளமே போய்விடும்.

நூல் வருமுன்னே பட்டியலிடும் இன்னொரு முறையும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1971இல் தொடங்கியது அது. பதிப்பாளர் தரும் விவரத்தை வைத்து முன்பதிவு தயாராகும். நூலகங்களின் கணினிப் பட்டியல் வடிவமான மார்க் 21 பதிவில் அதற்கு அடையாளம் '8' என்ற குறி. நூல் கைக்கு வந்ததும் பதிவைத் திருத்தி முழுமையாக்குவார்கள். மெய்ப்புக்கு அந்தத் திருத்தம் கிடையாது. அது கடைசிவரை முடியாத நூல்தான்.

இப்போது மெய்ப்பு பிடிஎஃப் ஆகிவிட்டது. 'ஃபைனல்', 'ஃபைனல் 2' என்று கோப்புகள் வாட்ஸ்அப்பில் போய்வருகின்றன. புத்தகம் வந்ததும் அழிகின்றன.

"அழிக்கறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒண்ணு மெயில் பண்ணிடுங்கன்னு தெரிஞ்ச பதிப்பாளர்கள்கிட்டல்லாம் சொல்லிட்டிருக்கேன். ரெண்டு பேர் அனுப்ப ஆரம்பிச்சிருக்காங்க" என்றவர், அடுத்த கட்டைப் பிரிக்கத் தொடங்கினார்.